வினாத்தாளின் எண்களை யார் தீர்மானிக்கிறார்கள்? பள்ளித் தேர்வுகளில் கால்குலேட்டர் விதி குறித்து

பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் வட்டத்தின் ஆரம் பெரும்பாலும் 7, 14, 21 அல்லது 3.5 ஆகத்தான் இருக்கும். உயரங்களும் தொலைவுகளும் பாடத்தில் ஏற்றக்கோணம் 30, 45, 60 பாகையைத் தாண்டுவது அரிது. தாண்டினால் அதன் டேன் மதிப்பை அடைப்புக்குறிக்குள் கொடுத்துவிடுவார்கள். கூட்டு வட்டி இரண்டு மூன்று ஆண்டுகளோடு நின்றுவிடும். கணிதத்தின் இயல்பு இப்படி எதையும் கேட்கவில்லை. 22/7 போட்டால் சுருங்க வேண்டும், கையால் பெருக்கி முடிய வேண்டும் என்பதற்காக வினா அமைப்பவர் பொறுக்கி எடுத்த எண்கள் இவை. தேர்வறைக்குள் கால்குலேட்டர் கூடாது என்ற விதி வாதத்துக்கு வரும்போதெல்லாம் மாணவரின் மனக்கணக்குத் திறனைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் அந்த விதி முதலில் கட்டிப்போடுவது வினா அமைப்பவரின் கையை. அவர் வழியாகப் பாடநூலையும் வகுப்பறையையும் அதே எண்களுக்குள் அடைத்துவிடுகிறது. தடையின் பெரிய இழப்பு இதுவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

தடைக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. மடக்கை அட்டவணையைப் பயன்படுத்தலாம், கால்குலேட்டருக்கு அனுமதியில்லை என்பது சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் வினாத்தாள்களில் பழக்கமான அறிவுரை. தமிழ்நாட்டு மேல்நிலை மாணவர்களுக்கும் ‘லாக் புக்’ புதிதல்ல. அதை வைத்து ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். 10,000 ரூபாயை ஆண்டுக்கு 7.1 விழுக்காடு கூட்டு வட்டியில் போட்டால் 15 ஆண்டு முடிவில் எவ்வளவு ஆகும்? 1.071 என்ற எண்ணுக்கு மடக்கை தேட வேண்டும். 10ஆம் வரிசையில் 7இன் கீழ் 0294 இருக்கிறது; சராசரி வேறுபாட்டுப் பகுதியில் 1இன் கீழ் உள்ள 4ஐக் கூட்டினால் 0298. அதாவது 0.0298. இதை 15ஆல் பெருக்கினால் 0.4470. எதிர்மடக்கை 2.799. விடை 27,990 ரூபாய். கால்குலேட்டர் இதே கணக்குக்கு ஏறத்தாழ 27,980 என்கிறது. பத்து ரூபாய் வேறுபாடு நான்கு இலக்க அட்டவணையின் தோராயத்தால் வந்தது.

இந்த வேலையில் மாணவர் கணிதமாகச் செய்தது ஒன்றுதான்: அடுக்கைப் பெருக்கலாக மாற்றியது. மீதியெல்லாம் அச்சிட்ட பட்டியலில் விரல் வைத்துத் தேடியது. அட்டவணையும் பிறர் கணக்கிட்டு வைத்த உழைப்பே; ஹென்றி பிரிக்ஸ் 1624இல் 14 தசம இடங்களுக்கு மடக்கைகளை வெளியிட்டது, மற்றவர்கள் அந்தப் பாட்டைப் படாமல் இருக்கத்தான். கடன் வாங்கிய கணக்கீடு காகிதத்தில் இருந்தால் கல்வி, திரையில் இருந்தால் குறுக்குவழி என்ற பிரிவினைக்கு எந்த அடிப்படையும் எனக்குத் தெரியவில்லை.

சிறப்புத் தேவையுள்ள மாணவர்கள் எளிய கால்குலேட்டர் வைத்துக்கொள்ள சி.பி.எஸ்.இ. அளித்திருக்கும் சலுகையையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். அது நியாயமான சலுகை, விரிவாக்கப்பட வேண்டியது. எந்தச் சலுகையும் செல்லுபடியாவது அது தேர்வு அளக்க வந்த திறனைத் தொடாதவரை மட்டுமே. எனவே இதை அளித்தபோதே, அந்த வினாத்தாள் அளக்க வந்தது பெருக்கல் வகுத்தலை அல்ல என்று வாரியம் ஒப்புக்கொண்டதாகிறது. அப்படியானால் மற்ற மாணவர்களுக்கு மட்டும் அது எதற்காக அளக்கப்படுகிறது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

தடையை ஆதரிப்போரின் அச்சம் வெறும் பழைமைப் பிடிவாதம் அல்ல. வாய்ப்பாடு மனத்தில் ஊறாத பிள்ளைக்கு இயற்கணிதத்தில் காரணிப்படுத்துவது பெரும்பாடு. ஆய்வுகளும் அவர்களை முழுக்கக் கைவிடவில்லை. 1986இல் ஹெம்ப்ரீ, டெசார்ட் இருவரும் 79 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வழக்கமான கற்பித்தலோடு கால்குலேட்டர் சேர்ந்தால் மாணவர்களின் அடிப்படைத் திறன் குறைவதில்லை, கூடவே செய்கிறது என்று கண்டார்கள். நான்காம் வகுப்பு மட்டும் விலக்காக நின்றது. 2003இல் எலிங்டன் 54 ஆய்வுகளைத் தொகுத்தார். கற்பித்தலிலும் தேர்விலும் ஒருசேரக் கருவி இடம்பெற்றபோது கணக்கீட்டுத் திறனும் சிக்கல் தீர்க்கும் திறனும் உயர்ந்தன என்பது அவர் முடிவு. இவற்றிலிருந்து தொடக்கப் பள்ளிக்கு ஒரு விதியும் மேல் வகுப்புகளுக்கு வேறு விதியும் தேவை என்ற முடிவுக்கு வரலாம். எல்லா வகுப்புக்கும் ஒரே தடை என்பதற்கு ஆதாரம் கிடைக்காது. இங்கிலாந்து இதை ஏறக்குறைய அப்படியே செய்திருக்கிறது. தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் இருந்த கால்குலேட்டர் தாளை 2014 முதல் நீக்கிவிட்டது; ஆனால் உயர்நிலைப் பள்ளி இறுதியில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. கணிதத்தில், பெரும்பாலான தேர்வு வாரியங்களின் மூன்று தாள்களில் ஒன்றுக்கு மட்டுமே கருவி கூடாது.

ஒரு விதியின் சொற்களைக் கவனித்தால் அதை எழுதியவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பது புலப்படும். அமெரிக்காவின் ஏ.பி. கால்குலஸ் தேர்வு டிஐ-89 என்ற கால்குலேட்டரை அனுமதித்தது, டிஐ-92ஐ மறுத்தது. வகையிடலையும் தொகையிடலையும் குறியீடாகவே செய்துகொடுக்கும் திறன் இரண்டுக்கும் உண்டு. மறுக்கப்பட்டதில் தட்டச்சுப் பலகை இருந்தது. அதில் வினாக்களை எழுதிக்கொண்டு வெளியே போய்விடலாம். அங்கே அச்சம் வினாக் கசிவைப் பற்றியது. பிரிட்டனின் விதிகளோ குறியீட்டு இயற்கணிதம் செய்யும் கருவியையே விலக்குகின்றன. அங்கே அச்சம் கருவியே கணிதத்தைச் செய்துவிடும் என்பது. இரண்டும் சிந்தித்து எழுதிய விதிகள். ‘அனுமதி இல்லை’ என்ற நம் ஒற்றை வரியில் எந்த அச்சமும் பெயர் சொல்லப்படவில்லை, அதனால் அதைச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை.

தேர்வில் இல்லாததை நம் பள்ளிகள் கற்பிப்பதில்லை. இதன் விளைவு பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் முதல் பருவத்தில் தெரியவரும். நேற்றுவரை தொடக்கூடாது என்றிருந்த கருவி அங்கே கட்டாயம். சைன் 30 என்று தட்டினால் திரையில் −0.988 வருகிறது, கருவி ரேடியன் முறையில் இருக்கிறது. 30 பாகையின் சைன் அரை என்பதைப் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தவரே அந்த எதிர்க்குறி எண்ணை அப்படியே அடுத்த வரிக்கு எடுத்துச் செல்வதும் நடக்கிறது. விடை எந்த அளவில் இருக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிடுவதும், வந்த விடையைச் சந்தேகிப்பதும் தனித் திறன்கள். கருவியோடு பழகும்போதுதான் அவை வளரும்.

ஆகவே பத்தாம் வகுப்பிலும் மேல்நிலையிலும் கணிதத் தாளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கருவியில்லாத பகுதியில் பின்னம், காரணி, மனக்கணக்கு, நிறுவல் ஆகியவற்றைக் கடுமையாகவே கேட்கலாம். கருவியுள்ள பகுதியில் நிஜ எண்கள் வரட்டும்: 48.3 மீட்டர் தொலைவிலிருந்து 37.5 பாகை ஏற்றக்கோணத்தில் தெரியும் கோபுரம், ஒரு மாவட்டத்தின் மாத மழையளவுக்குத் திட்டவிலக்கம். பாகுபாடு வரும் என்ற எதிர்ப்பு உண்மையானது. வாங்க முடிந்தவர் நல்ல கருவியோடும் முடியாதவர் வெறுங்கையோடும் வரக்கூடாது. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், நிரல் எழுத முடியாத ஒரே மாதிரிக் கருவியை ஒன்பதாம் வகுப்பிலேயே அரசு கொடுத்துவிட்டால் இந்த எதிர்ப்புக்கு விடை கிடைக்கும். அறைக் கண்காணிப்பாளருக்கும் சோதிக்க எளிது. விலையில்லா ஜியோமெட்ரி பெட்டி கொடுக்கும் தமிழ்நாட்டுக்கு இதன் நிர்வாகம் புதிதல்ல.

கடினமான வேலை விடைத்தாள் திருத்தும் மையத்தில்தான். நம் விடைக்குறிப்புகள் ஒரே இறுதி எண்ணை எதிர்பார்த்து எழுதப்படுகின்றன. கருவியுள்ள தாளில் ஒருவர் இடைப்படியிலேயே முழுமையாக்குவார், இன்னொருவர் கடைசியில் முழுமையாக்குவார். விடைகள் சற்று விலகும். எத்தனை இலக்கத் துல்லியம் வேண்டும் என்று வினாத்தாளிலும், எந்த எல்லைக்குள் வரும் விடைக்கு முழு மதிப்பெண், வழிமுறையை எழுதாமல் திரையில் வந்த எண்ணை மட்டும் எழுதினால் எவ்வளவு ‘ஸ்டெப் மார்க்’ போகும் என்று விடைக்குறிப்பிலும் வரையறுக்க வேண்டும். மாதிரி வினாத்தாளும் அதற்கான விடைக்குறிப்பும் முதல் தேர்வுக்கு இரண்டு ஆண்டு முன்பே ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரின் கைக்கு வந்துவிட வேண்டும்.