ஜெய்ப்பூர்க் கால் (யாழ்ப்பாணம்)

ஜெய்ப்பூர்க் கால் என்பது இறப்பர்ப் பாதமும் அலுமினியத் தண்டும் கொண்ட செயற்கைக் கால். இராசத்தானின் ஜெய்ப்பூர் நகரில் 1960களின் பிற்பகுதியில் உருவாகி, 1980களில் இலங்கைக்கு வந்தது. போர்க்காலத்தில் கால் இழந்தோர் பெருகிய யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது வேரூன்றிய விதம் தனியே பதிவு பெறத் தக்கது. குடாநாட்டில் இயலாமையோடு வாழ்ந்தோரின் வரலாறே பெரும்பாலும் இந்தக் காலின் வரலாறாகத்தான் எழுதப்பட்டுள்ளது. அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. ஆயினும் மனிதன் வாழும் முறைக்கு ஏற்பக் கருவியை அமைத்ததால் வெற்றிபெற்ற அந்தக் கால், ஏறவேண்டிய படிகளையும் பேருந்துகளையும் அதே முறையில் திருத்தும் முயற்சிக்கு வழிகாட்டியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. காலின் வரலாறு நன்கு பதிவாகியிருக்க, படியின் வரலாறு சில வரிகளோடு நின்றுவிடுவதற்கும் இதுவே காரணமெனக் கொள்ளலாம்.

முற்காலச் செய்திகள் மிகச் சொற்பம். அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக்கின் முயற்சியால் 1850இல் பிரண்ட் இன் நீட் சொசைற்றி என்னும் தொண்டமைப்பின் மருத்துவமனை யாழ்ப்பாணத்தில் எழுந்தது. 1907இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். இவை நோய் நீக்கிய வரலாறுகள். நோய் நீங்கியும் உடல் பழையபடி ஆகாதவர்கள் பின்னர் எப்படி வாழ்ந்தார்கள் என்பது இவற்றின் பேசுபொருளன்று. கல்வித் துறையில் தடயம் சற்றுத் தெளிவு. மேரி சப்மன் அம்மையார் 1912இல் தென்னிலங்கையில் தொடங்கிய செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலையின் வழியில், தமிழ் மாணவர்களுக்கென 1956இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை நிறுவப்பட்டது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். இரண்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டென உறுதியாகச் சொல்வதற்கில்லை.

ஜெய்ப்பூர்க் காலை ஆக்கியவர் யார் என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவராக இருந்த பி. கே. சேத்தியின் பெயரே உலகெங்கும் பரவியது. 1981இல் அவருக்கு மகசேசே விருதும் கிடைத்தது. அங்கே அவரோடு வேலை செய்த கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவே உண்மையான படைப்பாளி என்போரும் உண்டு. ரயருக்கு இறப்பர் ஒட்டுவதைப் பார்த்தபோது சர்மாவுக்கு இந்த எண்ணம் உதித்தது என்ற கதை பல வடிவங்களில் சொல்லப்படுகிறது. மருத்துவரின் உடற்கூற்று அறிவும் கைவினைஞரின் விரலறிவும் சேர்ந்தே இந்தப் பாதம் பிறந்தது என்று கொள்வது பொருத்தம். அதன் அமைப்பே இதற்குச் சான்று. முன்பாதத்துக்கும் குதிக்காலுக்கும் பஞ்சு போன்ற இறப்பர்க் கட்டைகள், கணுக்காலுக்கு மரக்கட்டை. மூன்றையும் தோல்நிற இறப்பரால் போர்த்தி அச்சில் இட்டு வேகவைத்து ஒன்றாக்குவார்கள். விரல்கள்கூடத் தனித்தனியே தெரியும். முழங்காலுக்குக் கீழான தண்டு அலுமினியத் தகட்டைத் தட்டிச் செய்வது. பாத்திரம் தட்டத் தெரிந்த கையே இதற்குப் போதும். பெரிய தொழிற்சாலை வேண்டியதில்லை.

அதற்கு முன் வழக்கிலிருந்த மேலைநாட்டுப் பாதத்தின் உள்ளே வளையாத மரத்தண்டு இருந்தது. சப்பாத்துக்குள் இருப்பதற்காகவே அது அமைக்கப்பட்டது. கதிரையில் இருந்து மேசையில் உண்டு, நாள் முழுதும் சப்பாத்தோடு நடக்கும் வாழ்க்கைக்கு அது பொருந்தும். யாழ்ப்பாணத்துக் கமக்காரன் வெறுங்காலோடு வயலில் இறங்குகிறான், கிணற்றடி ஈரத்தில் நிற்கிறான், சம்மணமிட்டுச் சாப்பிடுகிறான், குந்தியிருக்கும் மலசலகூடத்தையே பயன்படுத்துகிறான். கோயில் வாசலில் பாதணியைக் கழற்றாமல் யாரும் உள்ளே போவதில்லை. சப்பாத்தில்லாமல் இயங்காத காலைப் பூட்டியவர் கோயிலுக்கு வெளியே நிற்க வேண்டியவராகிறார், அல்லது காலைக் கழற்றிவைத்துவிட்டு ஊன்றுகோலோடு போக வேண்டியவராகிறார். இறப்பர்ப் பாதம் இந்தத் தடைகளை ஒருசேர நீக்கிற்று: நனையலாம், சேற்றில் இறங்கலாம், எல்லாப் பக்கமும் ஓரளவு வளையும், தோலும் சப்பாத்தும் தேவையில்லை. சைக்கிள் மிதியிலும் அது இயல்பாகப் பொருந்தும். எரிபொருள் வராமல் சைக்கிளே குடாநாட்டின் முதன்மை வாகனமாய் இருந்த ஆண்டுகளில் இது சிறிய நன்மையன்று: காலிழந்தவர் சந்தைக்கும் வேலைக்கும் மற்றவர்களைப் போலவே போய்வர முடிந்தது.

இலங்கையில் கொழும்பு பிரண்ட் இன் நீட் சொசைற்றி 1985இல் இக்காலைச் செய்யத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் நிறுவப்பட்டது 1987இல். அந்த ஆண்டின் ஒக்டோபரில்தான் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப்புலிகளுக்கும் இடையில் குடாநாட்டில் போர் மூண்டது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள்ளேயே நோயாளரும் ஊழியரும் கொல்லப்பட்டனர். 1990இல் இலங்கை அரசுக்கும் விடுதலைப்புலிகளுக்கும் இடையில் போர் மீண்டும் தொடங்கியபின் வந்த பொருளாதாரத் தடையில் எரிபொருள், சீமெந்து, மின்கலம் முதலியன குடாநாட்டிற்குள் வருவது தடுக்கப்பட்டது. கைவினையால், குறைந்த கருவிகளால், உள்ளூர் ஆட்களே செய்யக்கூடிய கால் என்பதன் மதிப்பு அமைதிக்காலத்தில் இவ்வளவு புலப்பட்டிராது. 1995 ஒக்டோபர் 30இல் தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் கூட்டங்கூட்டமாகத் தென்மராட்சிக்கும் பின்னர் வன்னிக்கும் நடந்தார்கள். செம்மணி வழியாகப் போன அந்தக் கூட்டத்தின் பாதை இரண்டு கால் உள்ளவருக்கே அரிதாயிருந்தது. செயற்கைக் காலோடும் சக்கர நாற்காலியோடும் போனவர்களைப் பற்றித் தனிப் பதிவு மிகக் குறைவு. விடுதலைப்புலிகளின் ஆளுகைப் பகுதியில் 1990களில் எழுந்த வெண்புறா நிறுவனமும் செயற்கை உறுப்புகளைச் செய்தது. பின்னர் அதன் பணி வன்னியை மையமாகக் கொண்டது.

கால் இழப்பின் பெருங்காரணம் மிதிவெடி. இராணுவம் புதைத்த சிறிய பாகிஸ்தானிய வெடிகளும், விடுதலைப்புலிகள் தாமே செய்த ஜொனி என்னும் மரப்பெட்டி வெடிகளும் ஆளைக் கொல்வதைவிடப் பாதத்தைச் சிதைப்பதையே பெரும்பாலும் செய்தன. முழங்கால் தப்பினால் செயற்கைக் காலோடு நடப்பது ஓரளவு இலகு. முழங்காலும் போனால் ஒவ்வோர் அடியும் பாரம். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ புதுக்கால் வேண்டும். வளர்ந்தவருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒன்று. ஆகவே பத்து வயதில் கால் இழந்த பிள்ளைக்கு வாழ்நாளில் இருபது, முப்பது கால்கள் தேவைப்படும். செயற்கைக் கால் ஒருமுறை கொடுத்து முடியும் உபகாரமன்று என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது. அதனால்தான் கால் வழங்கும் முகாம்களைவிட ஊரிலே நிலைத்திருக்கும் பட்டறை முக்கியம்.

சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1990களின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்துக்குத் துணைநின்றதோடு, தன் பொலிப்புரொப்பிலீன் முறையையும் கொண்டுவந்தது. சூடாக்கி வடிவமைக்கும் பிளாஸ்திக்கான இது அலுமினியத்தைவிட எடை குறைந்தது, துருப்பிடிக்காது, அளவு திருத்த எளிது. பழைய முறையே உள்ளூருக்கு உகந்தது என்போரும் புதியதே நீடித்துழைக்கும் என்போரும் இருக்கின்றனர். இரு தரப்பிலும் உண்மை உண்டு. மூலப்பொருள் மாறியும் நிலையத்தின் பெயரில் ஜெய்ப்பூர் அப்படியே இருக்கிறது. 2002 போர்நிறுத்தத்தோடு குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது, மக்கள் மிதிவெடி நிறைந்த காணிகளுக்குத் திரும்பினர், ஹலோ ட்ரஸ்ட் முதலிய அமைப்புகள் வெடியகற்றத் தொடங்கின. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது.

இவ்வளவு விரிவான வரலாறு காலுக்கு வாய்த்ததே மற்ற இயலாமைகள் பற்றிய மௌனத்துக்கும் ஒரு காரணம். காலிழந்தவரே மிகுதி, ஆதலால் அவர் வரலாறே மிகுந்தது என்று இதற்கு விடை கூறலாம். எண்ணிக்கை அந்த விடைக்குத் துணைநிற்கவில்லை. 1981க்குப் பின் குடாநாட்டில் முழுமையான குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. 2001 கணக்கெடுப்பு வடக்கின் பெரும்பகுதியை எட்டவில்லை. 2012இல் நாடு முழுதும் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவு, தன்னைப் பராமரித்தல், தொடர்பாடல் ஆகியவற்றுள் ஏதோ ஒன்றில் இடர் உள்ளதாகக் கூறினர். இவர்களில் காலிழந்தோர் சிறுபகுதியே. கண் தெரியாதவரும் காது கேளாதவரும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளையும் பட்டறைக் கணக்கேட்டில் வருவதில்லை, வெளிநாட்டு உதவி அறிக்கையிலும் குறைவாகவே வருகின்றனர். சுன்னாகத்தின் வாழ்வகம், கோண்டாவிலின் சிவபூமி, கைதடியின் நவீல்ட் ஆகியவற்றின் பணி போர்க்காலத்திலும் அதன் பின்னும் தொடர்ந்தது. அவற்றின் வரலாற்றைக் காலின் வரலாற்றோடு ஒப்ப விரித்து எழுதியவர் குறைவு. போர் வெட்டிய காலுக்கு ஓர் எதிரியும் ஒரு நாளும் உண்டு. பிறவியிலோ காய்ச்சலிலோ போன செவிக்கு அவை இல்லை. பதிவு செய்வோர் கண்ணில் எது விழுகிறது என்பதை இது விளக்குகிறது. பட்டறைக்கு வருவோரிலும் மாற்றம் நேர்ந்துள்ளது: நீரிழிவால் காலை அகற்ற நேர்ந்த முதியவர்கள் இன்று அங்கே வருகின்றனர்.

சட்டங்கள் வந்தன. 1988இன் பொதுநிருவாகச் சுற்றறிக்கை அரச வேலைகளில் மூன்று சதவீதத்தை ஒதுக்கச் சொன்னது. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் பொது இடத்தை அணுகுவதில் பாகுபாடு கூடாதென்றது. 2006 ஒக்டோபரில் அணுகு வசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்த மூன்றாண்டு அவகாசம் கொடுக்கப்பட்டது, அது பின்னர் நீட்டப்பட்டது. 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் புதிய பொதுக் கட்டடங்கள் இவ்விதிகளைப் பின்பற்ற வேண்டுமெனக் கட்டளையிட்டது. போரில் கூரையே இழந்த ஊருக்குச் சாய்தளம் ஆடம்பரம் என்பது இங்கு எழும் முதல் மறுப்பு. அது ஓரளவு நேர்மையானது. ஆனால் இடிந்ததைத் திரும்பக் கட்டும்போது சாய்தளம் சேர்ப்பது மலிவு. கட்டி முடிந்ததை உடைத்துச் சேர்ப்பதே செலவு. 2009இல் போர் முடிந்தபின் பள்ளிகளும் பிரதேச செயலகங்களும் புகையிரத நிலையங்களும் புதிதாக எழுந்த காலமே இதற்கு உகந்த காலமாயிருந்தது. கோயில் வாசற்படி மரபு, அதைத் தொடலாகாது என்பது இரண்டாவது மறுப்பு. வெறுங்காலோடு உள்ளே போகும் மரபைத் தடையாகக் கருதாமல் அதற்கேற்பப் பாதத்தைச் செய்தே ஜெய்ப்பூர்க் கால் கோயிலுக்குள் நுழைந்தது. அதுபோலப் படியை அகற்றாமல் அதன் பக்கத்தில் ஒரு சாய்தளம் அமைப்பது மரபை மீறுவதாகாது. அளவும் கடினமன்று: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். உயரமான அத்திவாரத்தின் மேல் கட்டப்பட்ட யாழ்ப்பாண வீட்டின் முற்றத்தில் அதற்கு இடமும் உண்டு.

சொல்லும் மாறியது. சட்டத் தமிழில் வலதுகுறைந்தோர், நிலையங்களின் பெயரில் வலுவிழந்தோர், தமிழ்நாட்டிலிருந்து பரவிய மாற்றுத்திறனாளி என்பன இன்று ஒன்றையொன்று விலக்காமல் வழங்குகின்றன. மதிப்பான சொல் வந்ததே பெரிய மாற்றம் என்பார் உண்டு. இழிவுச் சொல் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது உண்மையில் பெரிதுதான். ஆனால் மாற்றுத்திறனாளி என்று மரியாதையாக அழைக்கப்பட்டவர் இலங்கைப் போக்குவரத்துச் சபைப் (இ.போ.ச.) பேருந்தின் முதற்படியை எட்ட இன்னும் இருவர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

அண்மைச் செய்திகள் சில. இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்புறுதி செய்தது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் சேர்ந்தது. பளை அருகே முகமாலையின் பழைய போர்முனையில் வெடியகற்றல் பல ஆண்டுகளாக நடக்கிறது. அந்த உடன்படிக்கைப்படி நிலத்தைத் துப்புரவாக்க இலங்கைக்குள்ள இறுதி நாள் 2028 ஜூன் 1.