அல்ஜப்ரும் நம் ஃபராயிள் பாடமும்

திண்டுக்கல்லில் ஃபராயிள் பாடம் நடத்துகையில், "கணக்கு உலகக் கல்விதானே, ஹஜ்ரத்?" என மாணவர் நம்மிடம் கேட்பதுண்டு. வரலாற்றையே விடையாகச் சொல்கிறோம்.

கி.பி. 820 அளவில் பக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலின் பெரும்பகுதி வாரிசுரிமைப் பங்கீடே. 11ஆம் நூற்றாண்டில் உமர் கய்யாம் முப்படிச் சமன்பாடுகளை வகைபிரித்து, வளைகோடுகளால் தீர்வு கண்டார்.

சமன்பாடுகளால் அமையும் பரப்புகளை வகைபிரிக்கும் பணி இன்றும் முடியவில்லை. ‘பொது வகை’ப் பரப்புகள் பட்டியலுக்குள் அடங்கவில்லை. ஆகவே, ஒவ்வொரு வடிவமும் ஒரு புள்ளியாய் நிற்கும் வரைபடத்தை அறிஞர் தேடுகின்றனர். அத்தகைய தேடலில், தமிழகத்தில் பிறந்த நரசிம்மனும் சேஷாத்ரியும் வளைவரைகளைச் சார்ந்து 1965இல் நிறுவிய தேற்றம் ஒரு மைல்கல்.

அல்ஜப்ர் என்னும் சொல்லை உலகுக்குத் தந்த சமூகம் கணிதத்தை அந்நியமாய்க் கருதலாமா? அநாதையின் பங்கைப் பிழையின்றிப் பிரிக்கக் கற்பதும் அமானிதமே.