கார் கிளட்ச் பிளேட்டை வீட்டிலேயே மாற்ற முடியுமா? ஸ்பேனர் எடுக்கும் முன் இதைப் படிங்க!

'ஆக்சிலரேட்டரை மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது.' பழைய கார் வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டி வரும் வசனம் இது. பதிலும் தயாராக இருக்கும்: 'கிளட்ச் போயிடுச்சு சார், கியர்பாக்ஸ் இறக்கணும்'. அதற்கு அடுத்து அவர் சொல்லும் தொகையைக் கேட்ட பிறகுதான், 'இதை நாமே செஞ்சா என்ன?' என்ற யோசனை பலருக்கும் வருகிறது. செய்ய முடியுமா? முடியும். ஆனால் எல்லா காரிலும் முடியாது, எல்லோராலும் முடியாது. விரிவாகப் பார்க்கலாம்.

கிளட்ச் என்னதான் செய்கிறது?

இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரம் சில நேரம் நிற்க வேண்டும், சில நேரம் கியர் மாற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பிடித்தும் விட்டும் கொடுப்பதுதான் கிளட்ச். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம் ஃப்ளைவீல். அதன் மேல் போல்ட் போட்டு மாட்டியிருப்பது பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவே சாண்ட்விச் மாதிரி மாட்டிக்கொண்டிருப்பது கிளட்ச் பிளேட். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் என்ற பாகம் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தும், பிடி தளரும். காலை எடுத்தால் மறுபடி இறுக்கிப் பிடிக்கும்.

தமிழில் இதற்கு 'உரசிணைப்பி' என்று கலைச்சொல் இருக்கிறது. பட்டறையில் போய் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாது, ஆனால் பொருள் சரியாகவே இருக்கு. உரசித்தான் இணைகிறது, அதனால்தான் தேய்கிறது. சிக்னலில் நிற்கும்போதும், ஏற்காடு, ஊட்டி மாதிரி மலைப்பாதை ஏற்றத்திலும் 'ஹாஃப் கிளட்ச்'சில் வண்டியை நிறுத்தி வைப்பவர்களுக்கு இந்தத் தேய்மானம் இன்னும் சீக்கிரம் வரும்.

உண்மையிலேயே கிளட்ச்தானா?

இந்த இடத்தில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். மாருதி 800, ஆல்டோ மாதிரி கேபிள் கிளட்ச் வண்டிகளில், கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் தவறினாலே பாதி அறிகுறிகள் வந்துவிடும். கேபிள் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால், பெடலில் கால் வைக்காதபோதும் பிடி லேசாகத் தளர்ந்தே இருக்கும், கிளட்ச் ஸ்லிப் ஆகும். ரொம்ப தளர்ந்தால் முழுசாக மிதித்தும் பிடி விடாது, கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வரும். பெடல் கல் மாதிரி கனத்தால் கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கலாம். கேபிள் மாற்ற ஒரு மணி நேரம் போதும், கியர்பாக்ஸில் கையே வைக்க வேண்டாம். பெடலில் எவ்வளவு 'ஃப்ரீ பிளே' இருக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். முதலில் அதைச் சரி செய்து ஓட்டிப் பாருங்கள்.

அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. முன்னால் யாரும் இல்லாத சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தபடி கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச்சாக இருந்தால் இன்ஜின் திணறி அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது, அல்லது அதில் ஆயில் பட்டிருக்கிறது. இதை ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம், மிச்சம் இருப்பதும் கருகிவிடும்.

எந்த காரில் கை வைக்கலாம்?

சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக், கேபிள் கிளட்ச், மேனுவல் கியர்: முதல்முறை செய்பவர்களுக்கு இதுதான் சரி. 796 சிசி இன்ஜினுடன் வந்த ஆல்டோ 800 நல்ல உதாரணம். பாகங்கள் எல்லா ஊரிலும் கிடைக்கும், கியர்பாக்ஸும் இரண்டு பேர் சேர்ந்து தூக்கக்கூடிய எடைதான்.

ஏஎம்டி கார் வைத்திருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 2014ல் செலேரியோ மூலம் பிரபலமான இந்த வகையில் கிளட்ச் பெடல் கிடையாதே தவிர, உள்ளே கிளட்ச் இருக்கத்தான் செய்கிறது. மாற்றிய பிறகு ஸ்கேனர் இணைத்து, புது கிளட்ச்சின் நிலையை கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். டியூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள டீசல் கார்களும், ரிலீஸ் பேரிங்கோடு ஹைட்ராலிக் சிலிண்டர் சேர்ந்தே வரும் கார்களும் வீட்டு வாசலில் பழகிப் பார்ப்பதற்கான வண்டிகள் இல்லை.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

காரோடு வரும் ஜாக்கி, டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பி வண்டிக்குக் கீழே படுக்கவே கூடாது. இறுகிப்போன போல்ட்டை பலம் கொண்டு இழுக்கும்போது வண்டி ஆடும். ஜாக்கி சாய்ந்தால் நகர்வதற்கு ஒரு நொடி கூட கிடைக்காது. செங்கல், ஹாலோ பிளாக் கல் வைத்து முட்டுக்கொடுப்பதும் அதே ஆபத்துதான். அவை எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும்.

தேவை: சமமான கான்கிரீட் தரை, எடை தாங்கும் ஜாக் ஸ்டேண்ட் இரண்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. மண் தரையோ சாய்வான தெருவோ என்றால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஸ்டேண்டில் நிறுத்திய பிறகு வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். கீழே போன பிறகு ஆடுவதைவிட, நீங்கள் வெளியில் நிற்கும்போதே ஆடுவது நல்லது. கூடவே ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்னொன்று தூசி. பழைய கிளட்ச் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். இந்தியாவில் அதன் பயன்பாடு முழுமையாகத் தடை செய்யப்படவில்லை. எனவே கருப்புத் தூசியை ஏர் அடித்தோ, வாயால் ஊதியோ சுத்தம் செய்யாதீர்கள். மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

கியர்பாக்ஸ் இறங்கும் வரை

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுவதில் இருந்து வேலை தொடங்குகிறது. வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை லேசாகத் தளர்த்திவிட்டு, பிறகு தூக்குங்கள். அடுத்து கியர் ஆயிலை வடிக்க வேண்டும். வடிக்கும் போல்ட்டுக்கு முன்பே, ஆயில் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்து அசைய மறுத்தால், வடித்த பிறகு புது ஆயிலை எங்கே ஊற்றுவது?

மேலே ஏர் ஃபில்டர் பெட்டி, கிளட்ச் கேபிள், கியர் லிவரில் இருந்து வரும் இணைப்பு, ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போனில் போட்டோ எடுத்து வைங்க. போல்ட்டுகளைத் தனித்தனி கவரில் போட்டு பெயர் எழுதிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டினால், நீளம் மாறி மாட்டப்பட்ட ஒரு போல்ட் அலுமினிய மரையை உடைத்துவிடும்.

கீழே, லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட்டைப் பிரித்தால், ஆக்சிலின் உள்முனையை கியர்பாக்ஸில் இருந்து நெம்பி எடுக்கலாம். அங்கே உள்ள ஆயில் சீலில் கம்பி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஒரு ஜாக்கியும், கியர்பாக்ஸுக்கு அடியில் இன்னொரு ஜாக்கியும் கொடுத்த பிறகுதான் மவுண்டிங்கைக் கழற்ற வேண்டும். கடைசியாக, கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் போல்ட்டுகள். எல்லாம் வந்த பிறகும் கியர்பாக்ஸ் அசையவில்லை என்றால், கண்ணில் படாத ஒரு போல்ட் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். சுத்தியலைத் தேடாமல் அதைத் தேடுங்கள்.

உள்ளே பார்க்க வேண்டியது

பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். கடைசி போல்ட் வரும்போது கிளட்ச் பிளேட் கீழே விழும், கையில் தாங்கிக்கொள்ளுங்கள்.

புது செட்டை மாட்டும் ஆர்வத்தில் பலரும் தாண்டிப் போகும் கட்டம் இது. ஃப்ளைவீலில் நீலத் திட்டு, விரிசல், விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு இருக்கிறதா? லேசான கோடு என்றால் லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்யலாம். விரிசல் என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஃப்ளைவீலுக்குப் பின்னால் ஆயில் ஈரம் தெரிந்தால் கிராங்க் ஆயில் சீல் கசிகிறது. கியர்பாக்ஸ் பக்கம் ஈரம் தெரிந்தால் இன்புட் ஷாஃப்ட் சீல். சீல் விலை குறைவுதான். அதை விட்டுவிட்டு மாட்டினால், சில மாதத்தில் புது பிளேட்டிலும் ஆயில் ஏறி, இதே வேலையை முதலில் இருந்து செய்ய வேண்டி வரும்.

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். பேரிங்கில் மிச்சம் பிடிப்பது அர்த்தமில்லாத சிக்கனம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி உதிரிபாகச் சந்தைகளில் வாங்கினாலும் பில் கேளுங்கள். மாட்டும் முன், புது பிளேட்டை கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பல்லில் ஒருமுறை சொருகிப் பார்த்துவிடுங்கள். தவறான பாகம் என்றால் அப்போதே தெரிந்துவிடும்.

மாட்டும்போது சொதப்பும் இடம்

கிளட்ச் பிளேட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. ஃப்ளைவீல் பக்கம் எது என்று பெரும்பாலும் அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். திருப்பி மாட்டினால் எல்லாம் பொருந்தியது போலவே தெரியும், ஆனால் கிளட்ச் வேலை செய்யாது. பிரஷர் பிளேட்டின் மேல் உள்ள துரு தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு, கிரீஸ் கை படாமல் மாட்டுங்கள்.

பிளேட்டை நடுவில் நிறுத்த ஒரு அலைன்மென்ட் டூல் வேண்டும். கண் மதிப்பில் வைத்தால் கியர்பாக்ஸ் உள்ளே ஏறாது, அரை நாள் போகும். போல்ட்டுகளை எதிரெதிராக, மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கவும். ஷாஃப்ட்டின் பல்லில் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். அதிகமானால் சுற்றும்போது தெறித்து பிளேட்டில் படும்.

கியர்பாக்ஸ் கடைசி ஒரு அங்குலத்தில் நின்று, உள்ளே போகாமல் அடம்பிடிக்கும். அப்போது 'போல்ட்டைப் போட்டு இறுக்கினா தானா போயிடும்' என்று தோன்றும். கூடவே கூடாது. பெல் ஹவுசிங் விரிசல் விடும், அல்லது பிளேட்டின் நடுப்பகுதி வளையும். இன்ஜின் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் வைத்து லேசாகச் சுற்றச் சொல்லுங்கள், பல் பொருந்தியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். கியர்பாக்ஸின் எடையை கிளட்ச் பிளேட்டின் மேல் தொங்கவிட்டு டீ குடிக்கப் போகவும் வேண்டாம்.

மாட்டிய பிறகு

ஆக்சில் உள்ளே பூட்டிக்கொள்ளும் 'கிளிக்' உணர்வு வந்ததா என்று உறுதிப்படுத்திக்கொண்டு, மேனுவலில் சொன்ன கிரேடு கியர் ஆயிலை ஊற்றுங்கள். பிறகு கேபிள் அட்ஜஸ்ட்மென்ட். வண்டியை இறக்கி ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சை முழுசாக மிதித்து, இரண்டு நொடி விட்டு ரிவர்ஸ் கியர் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் பிடி சரியாக விடுகிறது. கரகரத்தால் மறுபடி கேபிளைப் பாருங்கள்.

மெக்கானிக்குக்கு இது ஒரு நாளுக்குள் முடியும் வேலை. முதல்முறை செய்பவர் சனி, ஞாயிறு இரண்டையும் ஒதுக்க வேண்டும். திங்கட்கிழமை அதே வண்டியில் ஆபீஸ் போக வேண்டிய நிலை என்றால், பட்டறையில் விடுவதே புத்திசாலித்தனம். பாதியில் கைவிட்டால் பிரித்துப் போட்ட காரை டோ செய்து கொண்டுபோக வேண்டும், கூலியும் கூடுதலாகக் கேட்பார்கள்.

முதல் 500 கிலோமீட்டர் வரை வேகமாகக் கிளப்புவது, கனமான சுமை ஏற்றுவது, ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச் எல்லாவற்றையும் தவிர்க்கவும். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்தால், காலையில் ஆயில் சொட்டு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒருநாள் ஓட்டிய பிறகு வீல் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். வடித்த பழைய கியர் ஆயிலை சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.