கல்லூரி வாசலும் கல்விக் கட்டணமும் - ஒரு வரலாற்றுப் பார்வை



ஒவ்வோராண்டும் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் நம் மஹல்லாவின் இல்லங்களில் மகிழ்ச்சியும் கவலையும் ஒருசேர நுழைகின்றன. பிள்ளை தேறிவிட்டான் என்பது மகிழ்ச்சி. கட்டணத்திற்கு எங்கே போவது என்பது கவலை. இக்கவலை இன்று தோன்றியதன்று. இதனைத் தீர்க்க அரசும் சமுதாயமும் மேற்கொண்ட முயற்சிகளுக்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. அதனைச் சுருக்கமாக நினைவுகூர்வோம்.

1882ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழு, முஸ்லிம்களின் கல்விப் பின்னடைவைத் தனியே ஆராய்ந்தது. பொதுப் பணத்தில் நடைபெறும் பள்ளிகளில் ஒரு பகுதி இலவச இடங்களை அவர்களுக்கு ஒதுக்க வேண்டும். தொடக்கப் பள்ளி முதல் கல்லூரி வரை படிப்படியாக உதவித்தொகை வழங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஏழை மாணவன் இடைவழியில் நின்றுவிடாதிருக்கப் படிதோறும் உதவி தேவை என்ற உண்மையை அக்குழு அன்றே உணர்ந்திருந்தது.

நம் முன்னோர் அரசை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் தொடங்கப்பெற்றன. செல்வந்தர்களின் கொடையால் இத்தகைய கல்லூரிகள் உருவாயின என்பதை நாம் பெருமையுடன் சொல்கிறோம். ஆனால் உதவிபெறும் பாடப்பிரிவுகளில் ஆசிரியர்களின் ஊதியத்தை அரசின் மானியமே ஏற்கிறது என்பதைப் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். கொடையும் பொதுப் பணமும் கைகோத்ததனாலேயே அங்குக் குறைந்த கட்டணத்தில் பட்டம் பெற முடிந்தது.

இடம் கிடைப்பதற்கும் போராட்டம் தேவைப்பட்டது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணைப்படி, 14 இடங்களில் ஓர் இடம் முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்டு வந்தது. 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாணை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் பயனாக அதே ஆண்டு ஜூன் மாதம் அரசியல் சாசனம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழி பிறந்தது. நெடுங்காலத்திற்குப் பின், 2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு அளித்தது.

இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை நம் கண்களைத் திறந்தது. 20 வயதுக்கு மேற்பட்ட இந்தியரில் சுமார் 7 விழுக்காட்டினர் பட்டமோ பட்டயமோ பெற்றிருக்க, முஸ்லிம்களில் அவ்வளவு தூரம் சென்றோர் 4 விழுக்காட்டுக்கும் குறைவே என அது காட்டியது. இதனையடுத்து 2007-08 முதல் சிறுபான்மை மாணவர்களுக்கு மேல்படிப்பு உதவித்தொகையும் தொழிற்கல்வி உதவித்தொகையும் மத்திய அரசால் தொடங்கப்பட்டன. இவற்றில் 30 விழுக்காடு மாணவியருக்கென ஒதுக்கப்பட்டது. 2009இல் மௌலானா ஆசாத் பெயரில் ஆய்வு மாணவர்க்கான நிதியுதவியும் வந்தது.

மாநில அரசும் தன் பங்கைச் செய்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010-11இல் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் தொடங்கியது.

இவ்வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. கொடுக்கப்பட்டது எடுக்கப்படவும் கூடும். மௌலானா ஆசாத் நிதியுதவி 2022-23 முதல் நிறுத்தப்படுவதாக நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. பள்ளி மாணவர் உதவித்தொகையில் முதல் எட்டு வகுப்பினர் அதே ஆண்டில் நீக்கப்பட்டனர். ஆகவே கிடைக்கும் உரிமையைப் பயன்படுத்தாது விடுவது, அதனை இழப்பதற்கு நாமே வழி வகுப்பதாகும்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவை காலத்தில் கைக்கு வராமையால் எத்தனையோ விண்ணப்பங்கள் வீணாகின்றன. உதவித்தொகை வந்து சேரும் முன்பே கல்லூரி கட்டணம் கேட்கிறது. இவ்விடைவெளியே ஏழை மாணவனின் படிப்பை முறிக்கும் இடம். அரசுப் பணம் வரும்வரை திருப்பித் தரத்தக்க வட்டியில்லாக் கடனை பைத்துல்மால் வழங்குமாயின், சிறு தொகையே பலரைக் கரையேற்றும். சான்றிதழ் பெறவும் விண்ணப்பிக்கவும் உதவுவதற்குப் படித்த இளைஞர் சிலர் முன்வந்தால் அதுவே பெருங்கொடையாகும்.

முன்னோர் கல்லூரிகளைக் கட்டிச் சென்றனர். அவற்றின் வாசலில் நம் பிள்ளை எவரும் பணமின்றித் திரும்பாதிருக்கச் செய்வது நம் பொறுப்பு. இன்ஷா அல்லாஹ், அப்பொறுப்பை இணைந்து நிறைவேற்றுவோம்.