சுண்டெலியின் குடலும் வேலூர்க் குழந்தையின் குடலும்

எலெக்ட்ரானிக் சிட்டி வழியே தெற்கே செல்லும் ஓசூர்ச் சாலை கிருஷ்ணகிரியை அடைந்ததும், அங்கிருந்து கிழக்கே பிரியும் நெடுஞ்சாலை வேலூருக்குப் போகிறது. தொலைவு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சாலையின் இந்த முனையில் உயிர்த்தகவலியல் பயிலும் மாணவருக்குக் குடல்வாழ் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் கணினித் திரையில் 16எஸ் மரபணு வரிசைகளாகவே அறிமுகமாகின்றன. அந்த வரிசைகளுக்குப் பின்னுள்ள கேள்வி ஒன்று, வரிசைகளைப் படிக்கும் கருவிகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, சாலையின் மறுமுனையில் எழுந்தது. அதன் வரலாறு தமிழில் அதிகம் எழுதப்படவில்லை.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான், பி. ஜெயபாலுடன் இணைந்து 1972இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் எபிடெமியாலஜி’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். போலியோ சொட்டு மருந்தை மூன்று தவணை பெற்ற பிறகும் வேலூர்க் குழந்தைகளில் கணிசமானோரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றவில்லை என்பது அதன் முடிவு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதே மருந்து, அதே தவணைகளில், பெரும்பாலான குழந்தைகளுக்குப் பாதுகாப்பளித்துக்கொண்டிருந்த காலம் அது. குளிர்பதனக் குறைபாடு என்று சொல்லித் தட்டிக்கழிப்பது எளிது. அப்படித்தான் பலர் சொன்னார்கள். குழந்தையின் குடலில் முன்பே குடியிருக்கும் பிற வைரசுகள் தடுப்பு வைரசை வளரவிடாமல் தடுக்கின்றன என்ற விளக்கமும் அன்று வழக்கில் இருந்தது. அதற்குச் சான்றில்லை என்பதைக் கட்டுரையின் தலைப்பிலேயே ஜான் குறித்துவிட்டார். எனில் காரணம் என்ன? மருந்திலா, குடலிலா, குடலில் வாழும் வேறெதிலுமா?

இந்தக் கேள்வியைக் குடல் பாக்டீரியாவோடு இணைத்துப் பார்க்கும் மரபு அப்போது சுண்டெலிக் கூண்டுகளில்தான் இருந்தது. 1954இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மார்ஜரி போன்ஹாஃப், ஃபிலிப் மில்லர் ஆகியோரின் குழு சுண்டெலிகளுக்கு வாய்வழியாக ஒரேயொரு முறை ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்தது. சாதாரணச் சுண்டெலிக்குக் குடல்வழியே சால்மோனெல்லா தொற்ற ஏறத்தாழ 1,00,000 கிருமிகள் தேவைப்பட்டன. மருந்து பெற்ற சுண்டெலிக்குப் பத்துக்கும் குறைவான கிருமிகளே போதுமாயின. மருந்து சுண்டெலியின் உடலை எவ்விதத்திலும் பலவீனப்படுத்தவில்லை. குடலில் ஏற்கெனவே குடியிருந்தவற்றை வெளியேற்றியது, அவ்வளவே. அதே குழு 1964இல், அந்தக் குடியிருப்பாளர்கள் நார்ப்பொருளை நொதிக்கவைத்து உண்டாக்கும் அசிட்டிக், பியூட்ரிக் முதலிய கொழுப்பமிலங்கள் சால்மோனெல்லாவின் வளர்ச்சியை ஒடுக்குகின்றன என்று காட்டியது.

இந்தக் கொழுப்பமிலங்கள் பிற்காலத்தில் வேலூரிலும் தலைகாட்டின என்பதை இடையில் சொல்லியாக வேண்டும். பி.எஸ். ராமகிருஷ்ணாவும் வி.ஐ. மாதனும் கடும் வயிற்றுப்போக்கின்போது பெருங்குடலில் இவ்வமிலங்கள் குறைந்துவிடுவதைக் கண்டனர். பெருங்குடல் நீரை உறிஞ்ச இவை உதவுவதால், எளிதில் செரிக்காத மாவுச்சத்தை உப்புக்கரைசலில் கலந்து கொடுத்தால் பாக்டீரியாக்களே அமிலத்தை உண்டாக்கித் தரும் என்று ராமகிருஷ்ணாவின் குழு கருதியது. 48 காலரா நோயாளிகளிடம் நடத்திய சோதனை 2000இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. வழக்கமான கரைசல் பெற்றவர்களுக்குச் சராசரியாக 91 மணி நேரம் நீடித்த வயிற்றுப்போக்கு, மாவுச்சத்து பெற்றவர்களுக்கு 57 மணி நேரத்தில் நின்றது. குடல் பாக்டீரியாவைக் கொல்லாமல் அதற்கு உணவளித்து நோயை வென்ற இந்தச் சோதனைக்கு நம் பாடநூல்களில் உரிய இடம் இல்லை.

நோயெதிர்ப்பைப் பொறுத்தவரை, சுண்டெலி ஆய்வின் பெருந்திருப்பம் ஒரு கொள்முதல் விவரத்திலிருந்து பிறந்தது எனலாம். நியூயார்க்கில் டான் லிட்மனின் ஆய்வகத்தில் இவைலோ இவனோவ், ஒரே மரபினச் சுண்டெலிகளை இருவேறு வளர்ப்பு நிறுவனங்களிடமிருந்து பெற்று ஒப்பிட்டார். டாக்கோனிக் நிறுவனத்தின் சுண்டெலிகளின் சிறுகுடலில் டிஎச்17 என்னும் எதிர்ப்பணுக்கள் நிறைந்திருந்தன. ஜாக்சன் ஆய்வகச் சுண்டெலிகளில் அவை அரிதாக இருந்தன. மரபணு ஒன்றே, வேறுபாடு குடலுக்குள் இருந்தது. குடற்சுவரை ஒட்டி வளரும் ஒரு கண்டமிட்ட இழை பாக்டீரியாவே அதற்குக் காரணம் என்று 2009இல் ‘செல்’ இதழில் அவர்கள் நிறுவினர். அந்த ஒரு வகை பாக்டீரியா குடியேறிய சுண்டெலிகள் சிட்ரோபேக்டர் ரோடென்டியம் என்னும் குடல்தொற்றுக் கிருமியையும் மேலாக எதிர்கொண்டன. அதற்கு முன் வெளியான எத்தனையோ நோயெதிர்ப்பியல் கட்டுரைகளில், சுண்டெலி எந்தக் கடையிலிருந்து வந்தது என்பது முடிவைத் தீர்மானித்திருக்கக்கூடும் என்ற சங்கடம் அன்றிலிருந்து துறையை விட்டகலவில்லை.

போலியோ இந்தக் கதைக்குள் 2011இல் நுழைகிறது. டெக்சஸில் ஜூலி ஃபைஃபரின் ஆய்வகம், மனிதரின் போலியோ ஏற்பியைத் தாங்கிய சுண்டெலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கலவையைக் கொடுத்துக் குடலைத் துடைத்தபின் வாய்வழியே போலியோ வைரசைச் செலுத்தியது. சிகாகோ முடிவுக்கு நேரெதிராக, பாக்டீரியா இழந்த சுண்டெலிகளே அதிகம் பிழைத்தன. வைரஸ் பாக்டீரியாவின் மேற்பரப்புச் சர்க்கரைப் பொருள்களைப் பற்றிக்கொண்டு வலுப்பெறுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். வாய்வழித் தொற்று பிடிப்பதற்காக அந்தச் சுண்டெலிகளிடமிருந்து இன்டர்ஃபெரான் ஏற்பி முன்பே நீக்கப்பட்டிருந்தது. வைரசை எதிர்க்கும் முதல் அரணை இழந்த உயிரியிடம் கண்டறிந்ததைக் குழந்தைக்கு எவ்வளவு தூரம் பொருத்தலாம்?

அந்தப் பொருத்தம் வெறும் ஏட்டுச் சிக்கலாக இருக்கவில்லை. 2006இல் வெளியான மதிப்பீட்டின்படி, மும்மைச் சொட்டு மருந்தின் ஒரு தவணை 1ஆம் வகைப் போலியோவுக்கு எதிராக உத்தரப் பிரதேசத்தில் தந்த பாதுகாப்பு 9 விழுக்காடு மட்டுமே. நாட்டின் பெரும்பகுதியில் அது 21 விழுக்காடு. அங்குள்ள குழந்தைக்குப் பத்துத் தவணை கொடுத்தும் நோய் வந்தது. கால் சூம்பிய பிள்ளையைத் தூக்கிவந்த பெற்றோரிடம் தவணைக் கணக்கைச் சொல்லி எவரும் ஆறுதலளிக்க முடியாது.

வேலூரில் ககன்தீப் காங்கும் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் நிக்கலஸ் கிராஸ்லியும் இதை நேரடியாகச் சோதித்தனர். 3ஆம் வகைக்கு எதிர்ப்பொருள் இல்லாத, 6 முதல் 11 மாத வயதுடைய எழுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளில் பாதிப்பேருக்கு மூன்று நாள் அசித்ரோமைசினும் மீதிப்பேருக்குப் போலி மருந்தும் தரப்பட்டன. பின்னர் இரு சாராருக்கும் 3ஆம் வகைச் சொட்டு மருந்து அளிக்கப்பட்டது. ஓயாத தொற்றால் அழன்றிருக்கும் குடலைத் தணித்தால் மருந்து பிடிக்கும் என்பது எதிர்பார்ப்பு. டெக்சஸ் சுண்டெலியை நம்பினாலோ, பாக்டீரியா குறைந்தால் உயிருள்ள தடுப்பு வைரசும் நலிய வேண்டும். 2016இல் வெளிவந்த முடிவு இரண்டையும் ஏமாற்றியது. குடலில் நோய்க்கிருமிகள் குறைந்தன, அழற்சிக் குறியீடுகளும் தணிந்தன. ஆயினும் இரு சாராரிலும் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கே எதிர்ப்பொருள் தோன்றியது.

அதே குழந்தைகளின் மல மாதிரிகளை மூலக்கூறு முறைகளில் மீண்டும் ஆராய்ந்தபோது, மருந்து பெறும் வேளையில் குடலில் வேறு என்ட்ரோவைரசுகள் இருப்பதே எதிர்ப்பொருள் தோன்றாமையுடன் தெளிவாகத் தொடர்புற்றிருந்தது. பாக்டீரியாக்களின் பங்கு அவ்வளவு தெளிவாகப் புலப்படவில்லை. 1972இல் சான்றில்லை என ஒதுக்கப்பட்ட விளக்கம், அன்று கிடைக்காத கருவிகளின் துணையால், அதே ஊரிலிருந்து ஓரளவு உயிர்பெற்றுத் திரும்பியது.

இதற்கிடையில் நாடு வேறு வழியில் சென்றுவிட்டது. 2005இல் ஒருமை மருந்தும் 2010இல் இருமை மருந்தும் வந்தன. எண்ணற்ற சுற்றுகளில் சொட்டு மருந்து புகட்டப்பட்டது. கடைசி இயற்கைப் போலியோ 2011 ஜனவரியில் ஹௌராவில் பதிவானது. குடலைத் தவிர்த்துச் செல்லும் ஊசி மருந்தை ஜான் பல பத்தாண்டுகளாக வலியுறுத்திவந்தார். அரசின் வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் அது 2015 நவம்பர் 30 அன்றுதான் இடம்பெற்றது. ஊசி இரத்தத்தைக் காக்கும், குடலைக் காக்காது என்பது அதற்கெதிரான பழைய வாதம். 2014இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஆய்வொன்றில், வேலூர் சின்ன அல்லாபுரத்தில் முன்பே சொட்டு மருந்து பெற்றிருந்த 450 குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு ஒரேயொரு ஊசி போடப்பட்டது. பின்னர் அனைவருக்கும் சோதனைச் சொட்டு கொடுத்துப் பார்த்தபோது, ஊசி பெறாதோரில் 26 விழுக்காட்டினரின் மலத்தில் 3ஆம் வகை வைரஸ் வெளிப்பட்டது. ஊசி பெற்றோரில் 8 விழுக்காட்டினரிடம் மட்டுமே. தசையில் செலுத்திய மருந்து குடலின் நினைவை எவ்வாறு எழுப்புகிறது என்ற கேள்வி மீண்டும் சுண்டெலிக் கூண்டுக்கே போயிருக்கிறது.