ஆறு வாட் செயலியின் கதை

என்னிடம் பள்ளிப்படிப்பை முடித்துப் பாலிடெக்னிக்கில் கட்டடப் பொறியியல் பிரிவில் சேர்ந்த மாணவி ஒருத்தி, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் தன் தாயாருடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். கையில் இரண்டு விலைத்தாள்கள் இருந்தன. இரண்டும் மடிக்கணினிக்கானவை. தாயார் சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தில் ஒன்றை வாங்க வேண்டும். “சார், இதில் எது வாங்கலாம்?” என்று கேட்டாள். ஒரு தாளில் 2.8 என்றும் மற்றொன்றில் 3.4 என்றும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. விலையிலோ முதலாவது மூன்றில் ஒரு பங்கு குறைவு. நான் கணக்குப் பாடம் நடத்தியவன் அல்லவா? வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, ஆகவே முதலாவதே சிக்கனம் என்று அந்தக் கணமே தீர்ப்பளித்துவிட்டேன். அவர்களும் அதையே வாங்கினார்கள்.

ஓராண்டு செல்லுமுன் அப்பெண் மீண்டும் வந்தாள். எழுத்து வேலைக்கும் பாடங்களைக் காண்பதற்கும் அக்கருவி நன்றாகவே பயன்பட்டது. ஆனால் கட்டட வரைபடம் வரையும் மென்பொருளைத் திறந்து சிறிது நேரம் வேலை செய்தால் நொண்டத் தொடங்குகிறது என்றாள். குறை கருவியில் இல்லை; கடைக்காரரிடமும் இல்லை. அவ்விரு தாள்களின் அடியில், பொடி எழுத்தில், ஒன்றில் 6 வாட் என்றும் மற்றொன்றில் 15 வாட் என்றும் எழுதியிருந்தது. அந்த வரியை நான் படிக்கவேயில்லை. படித்திருந்தாலும் அன்று எனக்குப் பொருள் விளங்கியிராது. அவ்வரி எவ்வாறு அத்தாளில் வந்து சேர்ந்தது என்பதைப் பின்னர் தேடிப் படித்து அறிந்தேன். அதையே நேயர்களுக்கு இன்று கூற விழைகிறேன்.

முதலில் அந்தப் பெரிய எழுத்து எண்ணைப் பார்ப்போம். கணினியின் மூளை என்று வழங்கும் செயலி, ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப அடியெடுத்து வைத்து வேலை செய்வது. எங்கள் ஊரிலும் ஒரு கடிகாரம் இருந்தது. என் இளமையில் வேதகிரி மலைமீது நாள்தோறும் உச்சிப்பொழுதில் இரு கழுகுகள் வந்து அமுது உண்டு செல்லும். அவற்றைக் கண்டு மணி சொன்னவர்கள் உண்டு. 1990களுக்குப் பின் அவை வருவதில்லை. அது நாளொன்றுக்கு ஒரு துடிப்புள்ள கடிகாரம் எனலாம். 2.8 கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு விநாடிக்கு 280 கோடித் துடிப்பு. இத்துணைப் பெரிய எண்ணைக் கண்டால் யாருக்குத்தான் மயக்கம் வராது?

இம்மயக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1971ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை விற்பனைக்கு அறிவித்தது. ஜப்பானியக் கணக்கிடும் எந்திரம் ஒன்றுக்காகப் பிறந்தது அது. அதில் 2,300 டிரான்ஸிஸ்டர்கள் இருந்தன. துடிப்பு விநாடிக்கு 7 லட்சத்து 40 ஆயிரம். 1978இல் வந்த 8086இல் டிரான்ஸிஸ்டர்கள் 29,000 ஆயின. துடிப்பு 50 லட்சமாயிற்று. 2000ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பென்டியம் 4 விநாடிக்கு 150 கோடித் துடிப்பை எட்டியது. முப்பது ஆண்டுகளில் இரண்டாயிரம் மடங்கு வளர்ச்சி! இவ்வாறு வளரும் ஒன்றை மக்கள் ஒரே ஓர் எண்ணால் அளந்ததில் வியப்பில்லை.

இவ்வளர்ச்சி எரிந்து போகாமல் எப்படி இயன்றது? இதற்கு விடையை 1974இல் ராபர்ட் டென்னார்டு என்னும் ஐ.பி.எம். நிறுவன அறிஞரும் அவர் தோழர்களும் எழுதிய கட்டுரை தந்தது. டிரான்ஸிஸ்டரைச் சிறிதாக்கினால், அதே விகிதத்தில் அதற்குத் தரும் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம் என்றனர் அவர்கள். செயலி உண்ணும் மின்சாரம் துடிப்பின் எண்ணிக்கையைப் பொறுத்தது; மின்னழுத்தத்தையோ இருமடிக் கணக்கில் பொறுத்தது. அழுத்தம் பாதியானால் செலவு நாலில் ஒன்றாகும். ஆகவே அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே துடிப்பைக் கூட்டலாம். அதே பரப்பில் அதிக டிரான்ஸிஸ்டர்களையும் அடைக்கலாம். சூடு மட்டும் ஏறாது. நெடுங்காலம் இவ்விதி வாக்குத் தவறாமல் நடந்தது.

ஆனால் அழுத்தத்தை எவ்வளவுதான் குறைப்பது? டிரான்ஸிஸ்டர் என்பது ஒரு குழாய்த் திருகு போன்றது. திறந்தால் மின்னோட்டம் செல்ல வேண்டும். மூடினால் நிற்க வேண்டும். அழுத்தத்தை ஓரளவுக்கு மேல் குறைத்தால், திருகை இறுக மூட முடிவதில்லை. மூடிய பின்னும் சொட்டுகிறது. தெருக்குழாய் ஒன்று சொட்டினால் ஒரு குடம் வீணாகும். கோடிக்கணக்கான குழாய்கள் சொட்டினால்? 2000ஐ அடுத்த ஆண்டுகளில் பொறியாளர்களைக் கவலையில் ஆழ்த்திய கேள்வி இதுவே.

2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் இன்டெல்லின் உயர் பொறியாளர் பாட்ரிக் கெல்சிங்கர் ஓர் அறிவியல் மாநாட்டில் எச்சரிக்கை விடுத்தார். இதே போக்கில் சென்றால் சில ஆண்டுகளில் செயலியின் ஒரு சதுர சென்டிமீட்டரில் எழும் வெப்பம் அணு உலையின் வெப்பச் செறிவை எட்டும். பின்னர் ராக்கெட்டின் வாயையும், அதன்பின் கதிரவனின் மேற்பரப்பையும் எட்டும் என்றார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் அச்சமும் சேர்ந்தே வந்தன. எங்கள் ஊருக்குத் தென்கிழக்கே கல்பாக்கத்தில், ஒவ்வொன்றும் 220 மெகாவாட் திறனுடன் இரண்டு அணு உலைகள் 1980களில் எழுந்தன. அவற்றைக் குளிர்விக்க ஒரு கடலே அருகில் இருக்கிறது. மடியில் வைக்கும் கணினிக்குக் கடலுக்கு எங்கே போவது?

எச்சரிக்கை எழுந்தும் ஓட்டம் உடனே நிற்கவில்லை. 2004இன் இறுதியில் பென்டியம் 4 வரிசையில் 3.8 கிகாஹெர்ட்ஸ் செயலி வந்தது. அதன் வெப்ப அளவு 115 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று எரியும் சூட்டை விரல் நகம் அளவேயான சில்லு ஒன்று கக்கியது. அதே ஆண்டு மே மாதத்தில் அடுத்த செயலிக்கான பெருந்திட்டம் ஒன்று கைவிடப்பட்டது. வாக்களித்த 4 கிகாஹெர்ட்ஸ் செயலியும் அக்டோபரில் கைவிடப்பட்டது. நிறுவனத்தின் தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட், ஒரு மாநாட்டு மேடையில் முழந்தாளிட்டு வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டார். பாதி விளையாட்டாகச் செய்ததுதான். ஆயினும் முப்பது ஆண்டுகள் நாட்டாண்மை செய்த ஓர் எண் அன்று மேடையில் மண்டியிட்டதாகவே நான் கொள்கிறேன்.

வேறொரு வழி முன்பே இருந்தது. பெரியவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் ஏக்கார்ன் என்னும் சிறு நிறுவனம் இருந்தது. அங்கே சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்னும் இருவர் ஏறத்தாழ 25,000 டிரான்ஸிஸ்டர்களே கொண்ட எளிய செயலி ஒன்றை வடித்தனர். விலை மலிவான பிளாஸ்டிக் உறையில் அதை அடைக்க வேண்டும். ஆகவே ஒரு வாட்டுக்கு மேல் உண்ணலாகாது என்பதே அவர்கள் நோக்கம். 1985ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் முதற்சில்லு வந்து சேர்ந்தது, வேலையும் செய்தது. மின்னோட்டத்தை அளந்து பார்த்தால் அளவுகருவி சுழியத்தைக் காட்டியது! மின்சாரம் தரும் கம்பி இணைக்கப்படவேயில்லை என்பது பிறகு தெரிந்தது. மற்ற கம்பிகளின் வழியே கசிந்து வந்த மின்சாரத்திலேயே அச்செயலி இயங்கிக்கொண்டிருந்தது. அதுவே ஆர்ம் எனும் குடும்பத்தின் முதற்பிள்ளை. நம் கைப்பேசிகளில் இருப்பவை அதன் வழித்தோன்றல்கள்.

இன்டெல்லும் விழித்துக்கொண்டது. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துப் பொறியாளர்கள் மடிக்கணினிக்கென வடித்த பென்டியம் எம் செயலி 2003 மார்ச்சில் வந்தது. துடிப்பு 1.6 கிகாஹெர்ட்ஸ்தான், வெப்பம் 24.5 வாட். ஆயினும், அதைவிடப் பெரிய எண் பொறித்த பென்டியம் 4களோடு சமமாக ஓடியது. ஒவ்வொரு துடிப்பிலும் அது செய்த வேலை அதிகம். 2008இல் ஏட்டம் என்னும் மிகச் சிறிய செயலி வந்தது. அதன் என்270 வகைக்கும் அதே 1.6 கிகாஹெர்ட்ஸ், வெப்பமோ 2.5 வாட். துடிப்பு ஒன்றே; வேலை ஒன்றல்ல. ஏட்டம் ஒரு துடிப்பில் ஆற்றிய பணி மிகக் குறைவு. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால் நான் அன்று திண்ணையில் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்க மாட்டேன்.

இனி ஒரு விலைத்தாளைப் பிரித்துப் பார்ப்போம். 2019இல் வெளிவந்த செலரான் என்4020 என்னும் செயலியை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு கோர்கள்; அதாவது வேலை செய்யும் கைகள் இரண்டு. அடிப்படைத் துடிப்பு 1.1 கிகாஹெர்ட்ஸ், உச்சத் துடிப்பு 2.8, வெப்ப அளவு 6 வாட். கடைகளில் பெரிய எழுத்தில் வருவது 2.8. ஆனால் அந்த 6 வாட் என்பது உச்சத்துக்கு உரியதன்று. எல்லாக் கோர்களும் கடின வேலையில் இருக்க, அடிப்படைத் துடிப்பில் ஓடும்போது எழும் வெப்பம் அது. அந்தச் சூட்டை வெளியேற்றும் அளவுக்கே கருவியைச் செய்பவர் ஏற்பாடு செய்கிறார். பல கருவிகளில் விசிறியே இராது. ஆகவே 2.8 என்பது சிறிது நேரப் பாய்ச்சல். நெடுநேர வேலை நடப்பது 1.1ஐ நோக்கி இறங்கிய பிறகே.

எங்கள் வேதகிரி மலைக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். சித்திரை வெயிலில் இளைஞர் சிலர் முதல் நூறு படிகளை ஓட்டமாய் ஏறி, நிழல் கண்ட இடத்தில் மூச்சிரைக்க அமர்ந்துவிடுவர். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் நிற்காமல் ஏறி அவர்களைக் கடந்து செல்வதை நான் பன்முறை கண்டிருக்கிறேன். மலை எவ்வளவு நேரத்தில் ஏறப்படும் என்பதை முதல் நூறு படியின் வேகம் சொல்வதில்லை. ஒரு பக்கத்தைத் திறப்பது, ஒரு கடிதத்தைத் தட்டச்சுவது ஆகியவை பத்துப் படி ஏறும் வேலை. அங்கே ஓட்டம் பயன்படும். வரைபடம் தீட்டுவது மலை முழுவதும் ஏறும் வேலை.

அவ்வாறாயின் அடிப்படைத் துடிப்பை மட்டும் ஒப்பிட்டால் போதுமா? அதுவும் போதாது. அதே 2019இல் வந்த கோர் ஐ3-1005ஜி1 என்னும் செயலிக்கும் கோர்கள் இரண்டுதான். அடிப்படைத் துடிப்பு 1.2. ஒன்றே கால்வாசியும் வேறுபாடில்லை, பத்தில் ஒன்றுதான்! ஆனால் வெப்ப அளவு 15 வாட். அந்தக் கூடுதல் ஒன்பது வாட் வீணாகவில்லை. அகன்ற உடலமைப்பால் ஒரே துடிப்பில் அதிகப் பணிகளை அது முடிக்கிறது. ஒரு கோரில் இரண்டு பணிகளை ஒருசேர நடத்தவும் வல்லது. என்4020 ஏட்டத்தின் குலத்தில் வந்தது. செலரான் என்ற பெயரோ 1998 முதல் பெரிய செயலிகளின் மலிவு வகைக்கு வழங்கியது. பின்னர் இந்தச் சிறிய குலத்துக்கும் சூட்டப்பட்டது. பெயரைக் கொண்டு குலத்தை அறிய இயலாது. வாட்டைக் கொண்டு ஓரளவு அறியலாம். அதுவும் ஒரே தலைமுறைக்குள்தான். 2023இல் வந்த என்100 அதே 6 வாட்டில் நான்கு கோர்களைத் தருகிறது.

நானோமீட்டர் என்று ஒரு வரியும் இருக்கும். முன்னொரு காலத்தில் அது டிரான்ஸிஸ்டரின் ஓர் உறுப்பின் நீளத்தைக் குறித்தது. இன்று அது தலைமுறைப் பெயரே. அளவுகோல் வைத்துச் சரிபார்க்கத்தக்க நீளமன்று. சிறிய எண் புதிய தலைமுறை என்று கொண்டால் போதும்.

ஆறு வாட்டை இழிவாகப் பேசுவதாக யாரும் கருத வேண்டாம். மின்வெட்டு உள்ள ஊரில், எழுதவும் படிக்கவும் கணக்கு வைக்கவும் அதுவே தக்கது. 2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்பின் அவற்றைப் பெற்றுச் சென்ற பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் நுழைந்த முதல் கணினி அதுதான். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதே அவர்கள் என்னிடம் கேட்ட முதற்கேள்வி. அப்போதும் நான் வாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. 36 வாட்-மணி கொள்ளும் பேட்டரியை, மொத்தமாக 9 வாட் உண்ணும் கருவி நான்கு மணி நேரத்தில் காலி செய்யும். இது எட்டாம் வகுப்பு வகுத்தல் கணக்கு.

“இதெல்லாம் நம் ஊரில் செய்ய மாட்டார்களா சார்?” என்று அந்த மாணவி இடையில் ஒருமுறை கேட்டாள். செய்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் 2014இல் சக்தி என்னும் செயலித் திட்டம் தொடங்கியது. செயலிக்கு இடும் கட்டளைகளின் மொழியை விலை கொடுத்து வாங்காமல், 2010இல் அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் பிறந்து யாவர்க்கும் திறந்துவிடப்பட்ட ரிஸ்க்-ஃபைவ் என்பதை அவர்கள் மேற்கொண்டனர். 2018இல் முதற்சில்லுகள் அமெரிக்காவில் ஆரகன் மாநிலத்தில் 22 நானோமீட்டர் முறையில் வார்க்கப்பட்டன. அதே ஆண்டில் மற்றொரு சில்லு சண்டிகரை அடுத்த மொகாலியிலுள்ள நம் நாட்டு ஆலையில் 180 நானோமீட்டர் முறையில் வார்க்கப்பட்டது. உலகின் முன்னணி ஆலைகள் 1999ஐ ஒட்டி எட்டிய நிலை அது. இடைவெளிக்குக் காரணம் பல. 1989 பிப்ரவரியில் அந்த மொகாலி ஆலை தீப்பற்றி எரிந்ததும் அவற்றுள் ஒன்று. சக்தி இன்னும் கடை மடிக்கணினிக்குள் வரவில்லை. சிறு கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கே முதலில் நோக்கம் கொண்டது. இதைக் கேட்டு அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். தொலைவு எவ்வளவு என்று எண்ணினாள் போலும்.

அம்மடிக்கணினி இப்போது அவள் தங்கையிடம் இருக்கிறது. பிளஸ் டூ பாடங்களுக்கு நன்றாகப் பயன்படுகிறது. மூத்தவள் படிப்பு முடியும்வரை கல்லூரிக் கணினிக்கூடத்திலேயே வரைந்து, கடைசிப் பேருந்தில் இருட்டிய பின் வீடு வந்து சேர்ந்தாள். அவள் தாயார் கடைத்தெருவில் என்னைக் கண்டால் இன்றும் நின்று நலம் விசாரிப்பார். கணினியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டதில்லை. நானும் அந்தச் சீட்டுப் பணம் எவ்வளவு என்று கேட்கத் துணிந்ததில்லை.