முறிந்த மணமும் தாபரிப்புப் பொருளும்: ஒரு வரலாற்று நோக்கு

மணம் முறிந்தபின் பொருள் கொடுக்குமாறு தீர்ப்பளித்தல் எளிது. அதனைக் கொடுக்கச் செய்தலே அரிது. சாவகச்சேரியைத் தலைப்பட்டினமாகக் கொண்ட தென்மராட்சி உள்ளிட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வரிய செயல் எவ்வாறு கையாளப்பட்டு வந்தது என்பதைச் சுருங்க நோக்குவாம்.

ஒல்லாந்தர் காலத்தில், தேசாதிபதி சைமன்ஸின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை 1707இல் நிறைவுற்றது. பன்னிரு தமிழ் முதலியார்கள் அதனைச் சரிபார்த்தனர். ஆங்கிலேயர் அதனை 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் உறுதிப்படுத்தினர். கணவனும் மனைவியும் பிணங்கிப் பிரிந்து வாழுமிடத்து, பிள்ளைகள் பெரும்பாலும் தாயின் பக்கமே நிற்பர் என்றும், அந்நிலையில் மனைவியின் சீதனத்தில் எப்பகுதியையும் கணவன் பிறர்க்கு வழங்கலாகாது என்றும் அது கூறுகின்றது. இதன் உட்பொருள் கருதத்தக்கது. பெண்ணுக்குக் காப்பாக நின்றது கணவன் தரும் பணமன்று. அவள் கொண்டுவந்த காணியே. காணி ஊரைவிட்டு ஓடாது.

உத்தியோகமும் சம்பளமும் பெருகியபோது நிலை மாறிற்று. 1889ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச்சட்டம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதப் பணம் விதிக்க நீதவானுக்கு அதிகாரமளித்தது. வேண்டுமென்றே கொடாதவனிடம் தண்டப்பணம் போல அறவிடலாம். அதன் பின்னும் எஞ்சும் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம்வரை மறியலில் இடலாம். ஆயின் இவ்விரைந்த வழி மனைவிக்கு உரியதேயன்றி, விவாகரத்துப் பெற்றவளுக்கு உரியதன்று. அவள் அதே ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பையே நம்பவேண்டியவளானாள். தீர்ப்புக் கிடைத்தாலும், எழுத்தாணை பெற்று, பிஸ்காலைக் கொண்டு அவன் ஆதனத்தைக் கைப்பற்றி விற்பிக்கவேண்டும். ஆதனமே இல்லாதவனிடம் எதனைக் கைப்பற்றுவது? பிள்ளைகளுக்கு மட்டும் நீதவானின் வாயில் திறந்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து ஆடவர் பலர் மலாயா சென்று புகையிரதப் பகுதியிலும் பிற அலுவலகங்களிலும் ஊழியம் புரிந்தனர். கடல் கடந்தவனை ஊர் நீதிமன்றம் எட்டுவது எங்ஙனம்? பேரரசு முழுவதற்கும் உரிய இவ்வினாவுக்கு விடையாக 1920இல் பிரித்தானியா தாபரிப்புக் கட்டளைகளை நாடுகளுக்கிடையே நிறைவேற்றும் சட்டமொன்றை இயற்றிற்று. இலங்கையும் அதனையொட்டி 1921இல் ஒரு கட்டளைச்சட்டம் ஆக்கியது.

பின்வந்த திருத்தங்கள் அனுபவம் கற்பித்த பாடங்களே. சட்டக்கோவையின் 615ஆம் பிரிவு, இன்றுள்ள வடிவில், கொடுப்பனவுக்கு அசையா ஆதனத்தை ஈடாகவும், முறியைப் பிணையாளருடனோ பிணையாளரின்றியோ பெற இடமளிக்கின்றது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் பழைய கட்டளைச்சட்டத்தை நீக்கி, சம்பளத்திலிருந்தே பணத்தைக் கழிப்பிக்க வழிசெய்தது.

இவற்றை ஒருங்கு நோக்கின், மறியல் அச்சத்தைத் தருமேயன்றி அரிசியைத் தராது என்பது புலனாகும். தீர்ப்பின் நாளிலேயே காணியையோ சம்பளத்தையோ பிணைத்துவிடும் ஏற்பாடே பயன் தரவல்லது. நம் முன்னோர் சீதன உறுதியில் கண்ட காப்பை, சட்டம் நெடுவழி சுற்றி மீண்டும் நாடியுள்ளது எனலாம். சீதனத்தின் தீமைகளை நாம் கண்டிப்போம். ஆயினும் பெண்ணின் பெயரில் ஆதனம் நிலைத்திருக்கவேண்டும் என்னும் கருத்தை அதனோடு சேர்த்து எறிந்துவிடலாகாது.